ஏரோப்ளேன் கிழித்தவள்

மல்லிகை வாசனை வந்தால் அம்மா ஞாபகம் வருகிறது, மழை வாசனை வந்தால் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு நகப்பூச்சு வாசனை வந்தால் ஒரு ஆளின் ஞாபகம் வரும். வந்த கையோடு அந்த ஆளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும் இருக்கும். போன வாரம் பாண்டி பஜாரில் வளையல் வாங்கப் போன இடத்தில் கடைக்காரப் பெண், "கையக் குடுங்க ஆன்ட்டி, கலர் எடுக்குதான்னு பாத்துடலாம்" என்று என் சுண்டுவிரலைப் பிடித்துச் சிவப்பாக ஒரு இழுப்பு இழுத்தாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "பிடிக்கலைன்னா அழிச்சிடறேன் ஆன்ட்டி" என்று பயந்துவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

நகப்பூச்சுக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் கணவர் அருளப்பன் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சம்பந்தம் இருக்கிறது. விமானத்தின் இறக்கைத் துணிக்குப் பூசுகிற மருந்துக்கும் இதே வாசனைதான். டோப்பு என்போம். விமானம் என்றால் முழுக்க இரும்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். அந்தக் காலத்தில் இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானங்களின் இறக்கைகளுக்கு உள்ளே எலும்புக்கூடு மாதிரி சட்டங்கள் இருக்கும், மேலே வெறும் துணி. அந்தத் துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைத்து, தையல் மேல் நாடா ஒட்டி, டோப்பு பூசினால் மேளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்தத் தையலைப் போட்ட கைகளில் என் கையும் ஒன்று.

சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றியிருந்த வீடுகளில் பெண்பிள்ளை என்றால் டீச்சர் டிரெயினிங்குக்குப் போகும், இல்லாவிட்டால் நர்ஸ் வேலைக்குப் போகும். எனக்குக் கணக்கு வராது. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். மிச்சம் இருந்தது தையல். சிஸ்டர்கள் நடத்திய வகுப்பில் ஒரு வருடம் படித்தேன். மீனம்பாக்கம் பக்கம் சின்ன விமானங்களைப் பழுது பார்க்கிற தனியார் பட்டறை ஒன்றில் தைக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று கோயிலில் அறிவித்தார்கள். ஏதோ விமானப் பணிப்பெண்களுக்கு யூனிபார்ம் தைக்கப் போகிறோம் என்று நானும் என் தோழி லூர்துமேரியும் பவுடரெல்லாம் பூசிக்கொண்டு, மாம்பலத்தில் ரயிலேறிப் போனோம். அங்கே ஒரு முழம் நீளத்துக்கு ஊசியைக் கையில் கொடுத்தார்கள்.

இறக்கையை நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் லூர்துமேரி. நான் ஊசியை உள்ளே விட்டால் அவள் இழுத்துக்கொண்டு சட்டத்துக்கு மறுபுறமாகத் திருப்பி அனுப்புவாள். வந்த நூலை நான் இறுக்கி ஒரு முடிச்சுப் போடுவேன். நாலு விரற்கடைக்கு ஒரு முடிச்சு. நடுவில் துணி இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேச்சு மட்டும் போய்வரும். ஊர்க்கதை, யாருக்கு யார் லெட்டர் கொடுத்தார்கள், எவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எல்லாம் அந்த ஊசி ஓட்டையின் வழியாகத்தான்.

நான் இடது கைக்காரி. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வீட்டில் சாப்பிடும்போது அம்மா என் இடது கையைக் கைக்குட்டையால் நாற்காலியில் கட்டிவைப்பாள். பள்ளிக்கூடத்தில் அதே கைக்கு ஸ்கேல் அடி. எழுத்தும் சாப்பாடும் எப்படியோ வலது கைக்கு மாறிவிட்டன. ஊசி மட்டும் மாறவில்லை. எங்கள் சூப்பர்வைசர் தணிகாசலத்துக்கோ இடது கையைக் கண்டாலே ஆகாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு விமானத்தின் மூக்கிலும் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். வந்த முதல் நாளே என்னிடம், "பீச்சாங்கையால எறக்கையத் தொட்ட, அன்னியோட வேலை போச்சு. ஆகாசத்துல போற பொருள்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு இறக்கைக்குப் பின்னால் மறைந்துகொண்டு இடது கையாலேயே தைத்தேன். காலடிச் சத்தம் கேட்டால் லூர்துமேரி இருமுவாள். ஊசி உடனே வலது கைக்குப் போய்விடும், அவர் நகரும்வரை முடிச்சுப் போடாமல் நூலை இழுப்பதுபோல் பாவனை செய்வேன். ஒரு நாள் அவளுக்கு நிஜமாகவே இருமல் வந்து, அன்றைக்கு முழுக்க என் கைகள் பட்ட பாடு இருக்கிறதே!

தணிகாசலத்தைக் கெட்டவர் என்று அப்போது யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லியிருக்க மாட்டேன். எங்களுக்கு அவர் செய்த பெரிய உதவி புனித வாரத்தில். பெரிய வியாழன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் கோயிலை விட்டு நாங்கள் எங்கே போக முடியும்? பட்டறை முதலாளி லீவு தரமாட்டார். தணிகாசலம்தான், "போய்ட்டு வாங்க. ஆஜர் நான் போட்டுக்கறேன்" என்பார். அதற்குப் பதிலாக, எந்த இறக்கையை யார் தைத்தது என்று எழுதுகிற வேலைச் சீட்டில் நாங்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். வெறும் சீட்டில். முதல் வருடம் அப்படித்தான் செய்தோம். ஈஸ்டருக்கு மறுநாள் அவருக்கு ஒரு டப்பா கேக் கொடுத்தோம். எவ்வளவு நல்ல மனுஷன் என்று ரயிலில் பேசிக்கொண்டே வந்தோம். அந்தக் கேக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இரண்டாவது வருடம் மஞ்சள் நிற விமானம் ஒன்று வந்திருந்தது. அதன் இடது இறக்கையைப் பெரிய புதனன்றே தைத்து முடித்துவிட்டேன். வலது இறக்கைக்குத் துணி போர்த்தியிருந்தது, தையல் பாக்கி. திரும்பி வந்து தைக்கலாம் என்று வெறும் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு முன்னால் கோயிலுக்கு ஓடினோம். ஈஸ்டர் முடிந்து வந்து பார்த்தால் வலது இறக்கை தைத்து, நாடா ஒட்டி, டோப்பும் பூசித் தயாராக இருந்தது. "அவசரம்னு மொதலாளி குதிச்சாரு. மோகன் முடிச்சிட்டான்" என்றார் தணிகாசலம். மோகன் அவருடைய அக்கா மகன். வேலை கற்றுக்கொள்ள வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு வேலை மிச்சம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அந்த விமானம் மேலே போனது. ஒரு சுற்றுத்தான் சுற்றியிருக்கும். வலது இறக்கையின் மேல்துணி பூரி மாதிரி உப்பி, சட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு டர்ரென்று கிழிந்தது. ஓட்டியவர் கெட்டிக்காரர். சாய்ந்த விமானத்தை எப்படியோ தரையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்தோம். தணிகாசலமும் கேன்டீனிலிருந்து ஓடிவந்தார். அவர் கையில் பாதி கடித்த வடை இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு நான் சாட்சி.

மதியம் என்னை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். பட்டறையே கதவுக்கு வெளியே கூடி நின்றது. மேசை மேல் வேலைச் சீட்டு. வலது இறக்கை, இடது இறக்கை, இரண்டுக்கும் நேரே என் பெயர், கீழே என் கையெழுத்து. தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு, "நல்ல பொண்ணுதான் சார். கொஞ்ச நாளா கவனம் இல்ல. கல்யாணப் பேச்சு நடக்குதுபோல" என்றார். கல்யாணப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. வலது இறக்கை தைத்த அன்றைக்கு நான் வேலைக்கே வரவில்லை, கோயிலில் முழங்காலில் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் புரிந்தது. வரவில்லை என்றால் பொய் ஆஜர். பொய் ஆஜர் என்றால் லூர்துமேரியும் மாட்டுவாள். அவளுக்கு அப்பா இல்லை, கீழே நாலு பேர். கதவோரம் நின்றுகொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் என் வேலை போயிற்று. மோகனுக்கு வேலை நிரந்தரமாயிற்று.

வேலை போனதைக்கூட விட்டுவிடலாம். பெயர் போயிற்றே! ஒரு வாரத்தில் சாந்தோம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போனால், "அதோ போறா பாரு, ஏரோப்ளேன் கிழிச்சவ" என்பார்கள். ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மாள் துணியைப் பாதி நீட்டிவிட்டு, "ஒன் தையல் தாங்குமாடி? கல்யாணத்துக்குப் போட்டுக்கணும்" என்று திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல இடம் ஒன்று வந்து, இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. லூர்துமேரி எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் இருந்தது.

பிறகு மயிலாப்பூரில் ஒரு கடைக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக் காலத்தை ஓட்டினேன். அருளப்பனைக் கட்டிக்கொண்டேன். பட்டினப்பாக்கத்துக்காரர், பஸ் டெப்போவில் மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்றே, "கிழிஞ்சா இன்னா? வண்டின்னா ரிப்பேர் ஆவத்தான் ஆவும்" என்று சொன்ன ஒரே மனுஷன். இருந்தாலும் தணிகாசலத்தின் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் குறையவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் சாமியாரிடம், "ஒரே ஒரு ஆளை மட்டும் மன்னிக்க முடியல ஃபாதர். அதை ஒதுக்கி வெச்சிட்டு மத்த பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் குடுங்க" என்பேன். ஒரு சாமியார், அப்படிப் பிரித்துத் தர முடியாது என்று திருப்பி அனுப்பினார். வேறு கோயிலுக்குப் போய்விட்டேன்.

ஒருமுறை யூனிபார்ம் சீட்டு ஒன்றில் அப்பா பெயர் தணிகாசலம் என்று இருந்தது. விசாரித்தேன். அவரேதான், அவருடைய கடைசி மகள். கையில் பாவாடைத் துணி, பக்கத்தில் கத்தரிக்கோல். என்னென்னவோ தோன்றியது. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு மடிப்புக்கும் இரட்டைத் தையல் போட்டேன். அந்தப் பெண் வளர்ந்து, அந்தப் பாவாடை சின்னதாகி, கரித்துணியாகக் கிடக்கும்போதுகூட அதைக் கிழிக்க முடியாமல் அந்த வீடு திண்டாடட்டும் என்று. பழிவாங்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இனி அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். பாலவாக்கம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பணக்காரர் தான் சேர்த்துவைத்த பழைய பந்தயக் கார்களையும் விமானங்களையும் பெரிய கொட்டகை போட்டு மக்கள் பார்க்கத் திறந்திருக்கிறார் என்று பேப்பரில் வந்தது. அருளப்பனுக்குப் பந்தயக் கார் என்றால் உயிர். வாலிபத்தில் டெப்போவுக்கு மட்டம் போட்டுவிட்டுச் சோழவரம் பந்தயத்துக்குப் போய் வெயிலில் நின்று பார்த்தவர். ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் ஒரு சிவப்புக் கார் முன்னால் நின்றுவிட்டார். நீளமாக, தாழ்வாக, சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு. "இத நான் ஓட சொல்ல பாத்துக்கீறேன்மே. இன்னா சவுண்டு தெரியுமா? காதுக்குள்ள மொளகா அரைச்சா மாதிரி கீது" என்று அதன் என்ஜினுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். காவலாள் வந்து தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது. இருபது கார்கள் இருந்தன. இரண்டாவது காருக்கு அவர் நகர்வதற்குள் எனக்குக் கால் வலித்தது. விமானங்கள் இருந்த பக்கம் நான் மட்டும் போனேன்.

மூன்றாவதாக நின்றது மஞ்சள் விமானம்.

நிறம் வெளுத்திருந்தது. வலது இறக்கையில் அந்தக் கிழிசல் அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு அதைப் பட்டறையின் பின்பக்கம் தள்ளி மூடிவைத்திருக்கிறார்கள். பட்டறையைக் கலைத்தபோது இந்தப் பணக்காரர் வாங்கிவந்து, கிழிசலும் ஒரு சரித்திரம்தானே என்று அப்படியே வைத்திருக்கிறார். முன்னால் ஒரு போர்டு. "தையல் வேலை செய்த பெண் ஒருவரின் கவனக்குறைவால் நடுவானில் கிழிந்த இறக்கை. மேற்பார்வையாளர் திரு. தணிகாசலம் தரையிலிருந்தே ஆபத்தை உணர்ந்து சைகை காட்டியதால் விமானி உயிர் தப்பினார்." இரண்டு முறை படித்தேன். வடையைக் காணோம். என் பெயரும் இல்லை. பெண் ஒருவர். ஊரே வைத்த பட்டப்பெயராவது நான் யார் என்று சொன்னது.

அப்போதுதான் முடிச்சுகளைப் பார்த்தேன். காய்ந்துபோன நாடா இரண்டு இறக்கையிலும் ஆங்காங்கே உரிந்து, உள்ளே முடிச்சுகள் வரிசையாகத் தெரிந்தன. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, விமானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலே குனிந்தேன். வலது கைக்காரர் முடிச்சுப் போட்டால் நூல் கடிகார முள் போகிற திசையில் சுற்றும். என்னுடையது எதிர்த்திசையில் சுற்றும். இடது இறக்கையில் அத்தனையும் எதிர்த்திசை. கிழிந்த இறக்கையில் ஒன்று பாக்கியில்லாமல் கடிகாரத் திசை. இத்தனை வருடமும் என் சாட்சி இந்தத் துணியிலேயே இருந்திருக்கிறது. முதலாளி அறையில் அன்றைக்கு எனக்கு இது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், இடது கையால் தைத்தேன் என்று எந்த வாயால் சொல்லியிருப்பேன்? எனக்கு வந்தது சந்தோஷமா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"எல்லாரும் இப்பிடி வாங்க" என்று ஒரு குரல். திரும்பினால் தணிகாசலம். எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும். கையில் தடி, சட்டையில் தொண்டர் என்று அட்டை. சனிக்கிழமைதோறும் வந்து பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்கிறாராம். அந்தக் கதையைச் சொன்னார். காதில் விழுந்த சத்தம், ஓடுபாதையில் ஓடி வெள்ளைத் துண்டை வீசியது, விமானி கட்டிப்பிடித்து அழுதது. "அந்தப் பொண்ண நான் ஒண்ணும் சொல்லலைங்க. மன்னிச்சு அனுப்பிட்டேன்" என்று முடித்தார். கூட்டம் கை தட்டியது. என்னையும் பார்த்துச் சிரித்தார். அடையாளம் தெரியவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். கத்தினால் கிழவி என்னவோ உளறுகிறாள் என்று வெளியே அழைத்துப் போயிருப்பார்கள்.

பஸ்ஸில் வரும்போது அருளப்பனிடம் சொன்னேன். "அந்தாளு இன்னும் உயிரோட கீறானா?" என்றார். பிறகு, "வுடும்மே, வயசாய்ச்சு. இன்னாத்துக்கு இப்ப?" என்றார். லூர்துமேரி போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி நான் வாயைத் திறந்தால் யாருக்கும் கஷ்டம் இல்லை. "வுட மாட்டேன்" என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். அந்த வாரம் முழுக்கக் கோணி ஊசியில் மெழுகு நூலைக் கோத்து அவருடைய பனியன்களில் முடிச்சுப் போட்டுப் பழகினேன். "இதப் போட்டுக்கினு நான் எப்டி வெளியே போறது?" என்று கத்தினார். நாலு பனியன் போயிற்று. ஐந்தாவதில் பழைய வேகம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை எந்தப் புடவை கட்டுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். பழிவாங்கப் போகிறவள் பட்டு கட்டினால் நன்றாகவா இருக்கும்? கஞ்சி போட்ட நீல வாயில் புடவை கட்டிக்கொண்டேன்.

தணிகாசலத்தின் விளக்கத்தில் ஒரு சடங்கு இருக்கிறது. போன வாரமே கவனித்துவைத்திருந்தேன். கதை முடிந்ததும், துணி போர்த்திய ஒரு சின்ன மரச்சட்டத்தை மேசை மேல் வைத்து, தானே ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுவார். பிறகு பார்வையாளர் யாரையாவது கூப்பிடுவார். அன்றைக்கும், "யாராவது லேடீஸ் வாங்க. தைக்கத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?" என்றார்.

"எனக்குக் கொஞ்சம் தெரியும் சார்" என்று போய் ஊசியை இடது கையில் வாங்கினேன்.

"அம்மா, அம்மா, பீச்சாங்கை வேணாம். சோத்தாங்கையில புடிங்க. இது ஆகாசத்துல போற பொருள்."

"இது மேஜை மேலதான் சார் இருக்கு. எங்கயும் போகாது."

கூட்டம் சிரித்தது. நான் முடிச்சுப் போட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு முடிச்சு, வரிசை பிசகாமல், இழுத்துப் பார்த்தால் அசையாமல். சிரிப்பு நின்றுவிட்டது. "பரவால்லையே. டெய்லரா?" என்றார் தணிகாசலம்.

"ஆமா சார். ஒரு காலத்துல எறக்கை தைச்சேன்."

அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். நான் அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் போனும் கையுமாக நின்ற கல்லூரிப் பெண்ணிடம், "நான் போட்ட முடிச்சையும் சார் போட்ட முடிச்சையும் பாரும்மா. நூல் எந்தப் பக்கம் சுத்துது?" என்றேன். அவள் குனிந்து பார்த்து, "சார் போட்டது க்ளாக்வைஸ். நீங்க போட்டது ஆப்போசிட்" என்றாள். "இப்ப அந்த ரெண்டு எறக்கையையும் போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாரு."

ஐந்தாறு பேர் போனை எடுத்துக்கொண்டு கயிற்றுக்குப் பக்கத்தில் போனார்கள். "நல்லா இருக்கற எறக்கை ஆன்ட்டி மாதிரி இருக்கு. கிழிஞ்சது சார் மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

"நல்லா இருக்கறத நான் தைச்சேன். கிழிஞ்சத இவரோட அக்கா மகன் மோகன் தைச்சான். போர்டுல பெண் ஒருவர்னு போட்டிருக்கே, அது நான்தான்."

தணிகாசலம் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் போகட்டும்மா. தனியா பேசலாம்."

"எல்லாரும் இருக்கும்போதுதானே சார் என்னை வெளிய அனுப்பினீங்க?"

"சீட்டுல உன் கையெழுத்து இருக்கு."

"இருக்கு. வெறும் சீட்டுல வாங்கினது. பெரிய வியாழக்கெழம நான் கோயில்ல இருந்தேன். ஆஜர் போட்டது நீங்க."

அவர் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மோகன் செத்துப் பத்து வருஷம் ஆச்சு. செத்தவன எதுக்கு இழுக்கற?"

அந்தக் கல்லூரிப் பெண் நல்ல கெட்டிக்காரி. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். "அப்ப மோகன்தான் தைச்சாரா தாத்தா?" என்று கேட்டாள். கூட்டத்தில் ஒரு முகம் பாக்கியில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. போன வாரம் கை தட்டியதும் இதே மாதிரி ஒரு கூட்டம்தான். நான் மெதுவாக, "நீங்க கேன்டீன்லேர்ந்து வந்தப்ப கையில வடை இருந்துது சார். வெள்ளைத் துண்டு இல்ல" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் இத்தனை வருடம் உயிரோடு இருந்தேன்போல.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். இரக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள், வரவில்லை. வயதானவர், தடி இல்லாமல் நிற்க முடியாதவர், எல்லாம் தெரிந்தது. எனக்கும்தான் வயதாகிவிட்டது. வலது கையில் தடி இருந்ததால் டம்ளரை இடது கையில் வாங்கினார். அதையும் பார்த்துவைத்துக்கொண்டேன். அருளப்பன் சிவப்புக் காரை விட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றிருந்தார். "போதும்மே, வா" என்றார். போதவில்லை. இருந்தாலும் போனேன்.

போகும் வழியில் மேனேஜர் பெண் ஓடிவந்து, எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள் மேடம், பார்த்து மாற்றுகிறோம் என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். போர்டில் என் பெயர் வரும் என்று நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஞானஸ்நானப் பெயர் போடச் சொல்வதா, வீட்டுப் பெயர் போடச் சொல்வதா என்றுகூட யோசித்துவைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். மீனம்பாக்கத்துப் பட்டறை இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம் என்று வழியில் அருளப்பன் விசாரித்துச் சொன்னார். அருங்காட்சியகத்தில் பழைய போர்டு இல்லை. புதுப் போர்டில் விமானத்தின் நீளம், எடை, என்ஜின் சக்தி. தணிகாசலம் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. சனிக்கிழமைதான், ஆனால் அவர் வரவில்லை. இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். விமானம் பளபளவென்று இருந்தது. இரண்டு இறக்கைக்கும் புதுத்துணி. சர்ச்சை வேண்டாம் என்று அருங்காட்சியக முதலாளி சொல்லிவிட்டதால் கிழிசலோடு சேர்த்து எல்லாவற்றையும் உரித்துவிட்டார்களாம். இப்போது தைப்பதே இல்லையாம். பசை தடவி ஒட்டி, இஸ்திரிப் பெட்டி வைத்து இழுத்துவிடுகிறார்கள். டோப்பு வாசனைகூட வரவில்லை.

"பழைய துணி எங்கம்மா?" என்று மேனேஜர் பெண்ணைக் கேட்டேன்.

"குப்பை வண்டியில போட்டுட்டாங்க மேடம்."

"அந்தப் போர்டு?"

"அதுவும் அதே வண்டியிலதான்."

அருளப்பன் என் தோளைத் தொட்டு, "ஒன்னோட தையலும் பூட்ச்சே" என்றார். ஆமாம், போய்விட்டது. ஒரு முடிச்சுகூட அவிழாமல் அத்தனை வருடம் நின்ற இறக்கை. நான்தான் தைத்தேன் என்பதற்கு இனி உலகத்தில் ஒரு அத்தாட்சியும் கிடையாது. அது எனக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் தணிகாசலத்தின் பெயர் குப்பைக்குப் போவதற்கு என் இறக்கையும் கூடப் போக வேண்டும் என்று அன்றைக்கே என்னைக் கேட்டிருந்தால், உரிக்கிறவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று முடிச்சுகளை நானே அறுத்துக் கொடுத்திருப்பேன்.